ரிட்டயர்டு இன்ஜினியர்கள் படித்த கோப்புகள்: கேரள மக்கள் திட்டத்தின் ஆலோசனைக் குழுக்கள்

கிராம சபை என்றதும் எல்லோருக்கும் கூட்டம்தான் ஞாபகத்துக்கு வரும். பந்தல், மைக், கையெழுத்து நோட்டு, தலைவரைச் சுற்றி நாலு பேர், கேள்வி கேட்க வந்து கேட்காமலே திரும்பிப் போன பின்வரிசைக்காரர்கள். அங்கே ஒருவர் எழுந்து "எங்க வயலுக்குத் தண்ணி வரணும்" என்று சொன்ன ஒரு வரி எப்படி வரைபடமாகி, எஸ்டிமேட்டாகி, பணமாகி, கடைசியில் வாய்க்காலில் தண்ணீராக ஓடுகிறது என்பதைப் பற்றி மட்டும் யாரும் அவ்வளவாக எழுதுவதில்லை. நடுவில் இருக்கிற அந்தப் பள்ளத்தில்தான் பாதி நல்ல யோசனைகள் விழுந்து காணாமல் போகின்றன.

1997-ல் கேரளம் முழுக்க ஒரே நேரத்தில் அந்தப் பள்ளத்தின் விளிம்புக்கு வந்து நின்றது. அப்போது கூப்பிடப்பட்டவர்கள் வேலையிலிருந்து ஓய்வு பெற்று வீட்டில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த இன்ஜினியர்கள், பேராசிரியர்கள், வேளாண் அதிகாரிகள், கால்நடை மருத்துவர்கள். இந்தப் பதிவு அவர்களைப் பற்றியது. உள்ளாட்சிகளே மக்களைக் கூட்டித் தங்கள் வளர்ச்சித் திட்டத்தைப் போட வேண்டும் என்று கேரள அரசு நடத்திய இயக்கம்தான் மக்கள் திட்டம். அதன் மொத்த வரலாற்றையும் இங்கே எழுதப் போவதில்லை, அதற்கு ஒரு பதிவு போதாது.

சரி, கொஞ்சம் பின்னணி சொல்லியாக வேண்டும்.

1996 மே மாதம் ஈ.கே.நாயனார் தலைமையில் இடது ஜனநாயக முன்னணி ஆட்சிக்கு வந்தது. வந்த சில மாதங்களிலேயே ஒரு முடிவு எடுத்தார்கள்: ஒன்பதாவது ஐந்தாண்டுத் திட்டத்தில் மாநிலம் தன் திட்டச் செலவுக்கு வைத்திருக்கும் பணத்தில் 35 முதல் 40 சதவீதம் வரை உள்ளாட்சிகள் போடும் திட்டங்களுக்குப் போகும். மாநிலத் திட்டக் குழுவின் துணைத் தலைவராக இருந்தவர் பொருளாதார அறிஞர் ஐ.எஸ்.குலாத்தி. உறுப்பினராக இருந்த தாமஸ் ஐசக் இந்த இயக்கத்தின் பொறுப்பை ஏற்றார். மேலே ஒரு உயர்மட்ட வழிகாட்டுக் குழு, அதற்குத் தலைவர் கேரளத்தின் முதல் முதலமைச்சரான ஈ.எம்.எஸ். 1996 ஆகஸ்ட் 17, மலையாள நாட்காட்டியில் சிங்கம் மாதம் முதல் தேதி, நமக்கு ஆவணி பிறப்பு, அன்றைக்குத் தொடங்கினார்கள்.

அரசியலமைப்பில் 73-வது திருத்தத்தின் வழியாக வந்த 243ஜி பிரிவு, ஊராட்சிகள் "பொருளாதார வளர்ச்சிக்கும் சமூக நீதிக்கும்" திட்டம் தீட்டலாம் என்கிறது. இந்த இரண்டில் சமூக நீதிப் பக்கம் எங்கேயும் ஏதாவது கொஞ்சம் நடந்துவிடுகிறது. பொருளாதார வளர்ச்சி என்ற முதல் பாதிதான் எல்லா மாநிலத்திலும் காகிதத்திலேயே கிடக்கிறது, ஏனென்றால் ஒரு ஊராட்சித் தலைவரிடம் போய் உங்கள் ஊரின் பொருளாதாரத்தை வளர்த்துக் காட்டுங்கள் என்றால் அவர் என்ன செய்வார், கையில் இருக்கும் பணத்தில் ஒரு தெருவிளக்கும் ஒரு சிமென்ட் ரோடும் போடுவார். கேரளம் இதை மாற்ற முயன்ற விதத்தில் ஒரு தலைகீழ்த்தனம் இருந்தது. வழக்கமாக அதிகாரிகள் சொல்வது, முதலில் ஊராட்சிகளுக்குத் திறமை வரட்டும், பயிற்சி கொடுப்போம், அப்புறம் பணத்தைப் பற்றிப் பேசலாம் என்று. அந்த "அப்புறம்" எப்போதும் வராது. இங்கே பணத்தை முதலில் அறிவித்துவிட்டார்கள். 1997-98-ல் உள்ளாட்சிகளுக்கு ஒதுக்கிய தொகை ஆயிரம் கோடி ரூபாயைத் தாண்டியது, எந்த ஊராட்சிக்கு எவ்வளவு என்று மாநில பட்ஜெட்டோடு ஒரு தனிப் பின்னிணைப்பாகவே அச்சடித்துக் கொடுத்தார்கள். பணம் வருவது உறுதி, திட்டம் இல்லையென்றால் அவமானம். அந்த நெருக்கடிதான் மற்ற எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டு போனது.

கூட்டங்கள் முதலில். கேரளத்து கிராம ஊராட்சி நம்முடையதைப் போல் சின்னது கிடையாது, ஒன்றில் சராசரியாக 25,000 பேர் அளவில் இருப்பார்கள், அதனால் கிராம சபையை ஊராட்சிக்கு ஒன்றாக வைக்காமல் வார்டுக்கு ஒன்றாக வைத்தார்கள். விடுமுறை நாட்களில் நடத்தினார்கள். பேச்சாளர் பேச மற்றவர்கள் கேட்கிற பாணியை விட்டுவிட்டு, கொஞ்ச நேரப் பொதுக்கூட்டத்துக்குப் பிறகு விவசாயம், கால்நடை, தொழில், குடிநீர், கல்வி என்று துறைவாரியாகச் சின்னக் குழுக்களாகப் பிரிந்து உட்கார்ந்தார்கள், ஒவ்வொரு குழுவிலும் பேச்சை நடத்திச்செல்லப் பயிற்சி பெற்ற ஒருவர் இருந்தார். இதற்காக மாநில அளவில் சில நூறு பேர், மாவட்ட அளவில் பத்தாயிரம் பேர், உள்ளூர் அளவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் என்று அடுக்கடுக்காகப் பயிற்சி நடந்தது. முதல் ஆண்டு வாக்காளர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவர் வந்தார்கள். வந்தவர்களில் பெண்கள் சுமார் கால்வாசி, அடுத்த ஆண்டு அது கணிசமாகக் கூடியது.

அடுத்து ஒவ்வொரு ஊராட்சியும் தன்னைப் பற்றி ஒரு வளர்ச்சி அறிக்கை எழுதியது. உள்ளூர் வரலாறு ஒரு அத்தியாயம், நிலம், நீர், பயிர், பள்ளி, தொழில் என்று மீதி. இதற்கு முன்மாதிரி கண்ணூர் மாவட்டத்தின் கல்யாசேரி, 90-களின் தொடக்கத்தில் கேரள சாஸ்த்ர சாஹித்ய பரிஷத் என்ற மக்கள் அறிவியல் இயக்கம் அங்கே மக்களை வைத்தே ஊரின் வளங்களை வரைபடமாக்கிப் பார்த்திருந்தது (நாயனார் பிறந்த ஊரும் அதுதான்). அறிக்கையை ஒரு கருத்தரங்கில் வைத்துப் பேசி, துறைக்கு ஒன்றாகப் பன்னிரண்டு பணிக்குழுக்கள் அமைத்து, அந்தக் குழுக்கள் 1996 நவம்பரிலிருந்து 1997 மார்ச்சுக்குள் யோசனைகளைத் திட்டங்களாக எழுத வேண்டும் என்று ஏற்பாடு. 990 கிராம ஊராட்சி, ஒவ்வொன்றிலும் பன்னிரண்டு குழு. கணக்குப் போட்டால் சுமார் பன்னிரண்டாயிரம் குழுக்கள், அவை எழுதிய திட்டங்களின் எண்ணிக்கை லட்சத்தைத் தாண்டியது.

இங்கேதான் வண்டி சேற்றில் இறங்கியது.

கோப்பில் என்ன இருந்தது

திட்டம் எழுத ஒரு படிவம் கொடுத்திருந்தார்கள். முன்னுரை, நோக்கம், பயனாளிகள், செயல்பாடுகள், யார் நடத்துவது, நிதி விவரம், எதிர்பார்க்கும் பலன், கண்காணிப்பு என்று அதில் தலைப்புகள். படிவம் நல்ல படிவம்தான். ஆனால் நிரப்பியவர்கள் பள்ளி ஆசிரியர்கள், வார்டு உறுப்பினர்கள், கட்சித் தொண்டர்கள், கிளார்க்குகள், ஆர்வமுள்ள விவசாயிகள். பெரும்பாலானோருக்கு வாழ்நாளில் முதல் திட்ட அறிக்கை.

ஒரு கோப்பை எடுத்துப் பார்ப்போம். என் கற்பனைக் கோப்பு, ஆனால் இந்த மாதிரி மக்கள் திட்டங்களைக் கிட்டே இருந்து பார்த்தவர்களுக்கு முகம் தெரியும். தோட்டிலிருந்து (கேரளத்தில் ஓடையைத் தோடு என்பார்கள்) பம்பு வைத்து நீர் இறைத்து நாற்பது ஏக்கர் வயலுக்குப் பாய்ச்சும் திட்டம். நோக்கம் அழகாக எழுதியிருக்கும், ஊரின் நெல் விவசாயம் அழிந்துவருவது பற்றி ஒரு முழுப் பக்கம், படித்தால் கண் கலங்கும். பம்பு எத்தனை குதிரைத்திறன் என்று போட்டிருக்கும், நீர் எவ்வளவு உயரம் ஏற வேண்டும் என்று போட்டிருக்காது. மின் இணைப்புக்குப் பணம் ஒதுக்கியிருக்க மாட்டார்கள். கரண்ட் பில்லை யார் கட்டுவது என்ற இடத்தில் "பயனாளிகள் குழு" என்று ஒரு சொல் இருக்கும், அந்தக் குழுவில் யார் யார் என்று இருக்காது. எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு கேள்வி, ஓய்வு பெற்ற ஒரு பாசனத் துறை ஆள் முதல் நிமிடத்திலேயே கேட்கும் கேள்வி: மார்ச் மாதத்தில் அந்தத் தோட்டில் தண்ணீர் இருக்குமா?

இன்னொன்று, ஆடு கொடுக்கும் திட்டம். நூறு குடும்பங்களுக்கு ஆளுக்கு இரண்டு ஆடு. கால்நடை மருத்துவர் படித்தால் என்ன இனம், எத்தனை மாதக் குட்டி, எங்கே வாங்குவது, காப்பீடு உண்டா, இந்த ஈரமான ஊரில் மழைக்காலத்தில் தீவனத்துக்கு என்ன வழி, இருநூறு ஆடும் ஒரே மாதத்தில் விற்பனைக்கு வந்தால் விலை என்னாகும் என்று அடுக்கிக்கொண்டே போவார். கடைசிக் கேள்வியை அநேகமாக யாரும் யோசித்திருக்க மாட்டார்கள்.

இப்படிப்பட்ட கோப்புகளைச் சரிபார்க்க அரசுத் துறைகளில் ஆள் இருந்தது, நேரம் இல்லை. மனமும் எல்லா இடத்திலும் இருந்தது என்று சொல்ல முடியாது. நேற்றுவரை தன் மேஜைக்கு மனு கொண்டுவந்த வார்டு உறுப்பினர் இன்று திட்டத்தைக் கொண்டுவந்து மதிப்பீட்டைச் சரிபார்த்துக் கொடு என்றால் ஒரு உதவிப் பொறியாளருக்கு என்ன தோன்றும்? துறைகள் வழியாகவே போயிருந்தால் அந்த ஆண்டுத் திட்டங்கள் அந்த ஆண்டு முடிந்த பிறகு அனுமதி பெற்றிருக்கும்.

வாரத்தில் ஒரு நாள்

அப்போது வந்த யோசனைதான் தன்னார்வத் தொழில்நுட்பப் படை. ஓய்வு பெற்ற, தொழில்நுட்பமோ நிர்வாகமோ தெரிந்தவர்கள் முன்வந்து பெயர் கொடுக்க வேண்டும், வாரத்தில் குறைந்தது ஒரு நாள் ஊராட்சிகளுக்குத் தர வேண்டும். நாலாயிரத்துக்கும் மேற்பட்டோர் வந்தார்கள். நாற்பது வருடம் எஸ்டிமேட் போட்டுவிட்டு ஓய்வு பெற்ற ஒருவரிடம் போய், உங்கள் ஊரில் உங்களுக்கு வேலை இருக்கிறது, சம்பளம் கிடையாது என்று சொன்னால் அவர் மறுக்க மாட்டார் என்று சரியாகக் கணித்தவர் யாரோ, அவரைப் பாராட்ட வேண்டும். இப்படி ஒரு மனிதவளம் எல்லா ஊரிலும் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறது.

இவர்களையும் பணியில் இருக்கும் அதிகாரிகளையும் சேர்த்து ஒன்றிய அளவிலும் நகராட்சி, மாநகராட்சி அளவிலும் நிபுணர் குழுக்கள் அமைத்தார்கள். 1997 மே முதல் சில மாதங்கள் ஓயாத வேலை. கிராம ஊராட்சியின் திட்டங்களெல்லாம் ஒன்றியக் குழுவுக்கு வரும், துறைவாரியாகப் பிரித்துப் படிப்பார்கள், எழுதியவர்களைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசுவார்கள், தேவைப்பட்டால் இடத்துக்கே போய்ப் பார்ப்பார்கள், திருத்திய பிறகு மாவட்டத் திட்டக் குழுவின் ஒப்புதலுக்கு அனுப்புவார்கள்.

இந்த ஏற்பாட்டில் எனக்கு மிகவும் பிடித்த விதி ஒன்று உண்டு. நிபுணர் குழு ஊராட்சியின் முன்னுரிமையைத் தொடக் கூடாது. ஊர் ஆடு வேண்டும் என்று முடிவு செய்திருந்தால், ஆட்டை விட மாடு நல்லது என்று குழு சொல்ல முடியாது. ஆட்டுத் திட்டத்தை நல்ல ஆட்டுத் திட்டமாக்க உதவலாம், அவ்வளவுதான். திட்டத்தைத் தூக்கி எறிகிற வேலை அவர்களுடையது இல்லை.

பார்க்கச் சின்ன விதி, ஆனால் பல ஊர்களில் மக்கள் ஆலோசனைக் குழுக்கள் உடைவது இந்த இடத்தில்தான். குழுவில் படித்தவர்கள், பதவி வகித்தவர்கள் வந்து உட்கார்ந்ததும் அவர்களுக்கே ஒரு கனவு ஊர் மனதில் இருக்கும், அதை ஆலோசனை என்ற பெயரில் திணிக்கத் தொடங்குவார்கள், தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் முகம் சுளிப்பார்கள், நாலாவது கூட்டத்துக்கு யாரும் வர மாட்டார்கள். பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரி நகரம் 1989-ல் பங்கேற்பு பட்ஜெட்டைத் தொடங்கியபோது முன்னுரிமையை மக்கள் கூட்டங்கள் தீர்மானித்தன, தொழில்நுட்பச் சரிபார்ப்பை நகராட்சி தன் சொந்தத் திட்ட அலுவலகத்திலேயே வைத்துக்கொண்டது. அது ஒரே நகரம், அலுவலகம் ஒன்று போதும். ஆயிரம் ஊராட்சிகளுக்கு அது நடக்காது, அதனால் கேரளம் சரிபார்ப்பையும் வெளியே கொடுத்தது. வெளியே கொடுக்கும்போது எல்லைக்கோடு இன்னும் தடிமனாக இருக்க வேண்டும், அதைப் போட்டும் வைத்தார்கள்.

நடைமுறையில் கோடு எப்போதும் தெளிவாகவா இருந்தது? இல்லை. மார்ச்சில் தோட்டில் தண்ணீர் இல்லை என்று சொன்ன உடனே அந்தத் திட்டம் செத்துவிடுகிறது, இது தொழில்நுட்ப ஆலோசனையா முன்னுரிமையில் கைவைப்பதா என்று வாதாடிக்கொண்டே இருக்கலாம். ஊராட்சிக்காரர்கள் சிலர் இவர்களை இன்னொரு தணிக்கை என்று நினைத்தார்கள். நிபுணர்கள் சிலருக்கும் பழைய நாற்காலி ஞாபகம் போகவில்லை, கோப்பில் சிவப்பு மை போட்டே பழகிய கை அது.

கையெழுத்து யாருடையது

பெரிய தகராறு வேறு இடத்தில் வந்தது. கட்டுமான வேலைக்குத் தொழில்நுட்ப அனுமதி வேண்டும், அது இல்லாமல் ஒரு மதகு கூடக் கட்ட முடியாது. பொறியியல் துறைகளில் எந்தத் தொகை வரைக்கும் யார் கையெழுத்து போடலாம் என்று படிநிலை உண்டு. அந்த வரிசையில் நின்றால் தாமதம். அதனால் நிபுணர் குழுவின் துறைசார் உட்குழுக்களே தொழில்நுட்ப அனுமதி கொடுக்கலாம் என்று ஏற்பாடு செய்தார்கள். ஓய்வு பெற்றவர்கள், எந்தத் துறைக்கும் இப்போது பதில் சொல்ல வேண்டாதவர்கள், பணியிலிருக்கும் பொறியாளரோடு சரிசமமாக உட்கார்ந்து அனுமதி தருகிறார்கள். துறைகளுக்கு இது பிடிக்கவில்லை.

இதில் இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது என்றுதான் நினைக்கிறேன். கட்டிய பாலம் இடிந்தால் ஓய்வு பெற்றவரின் பென்ஷனை யார் நிறுத்தப் போகிறார்கள் என்று துறை கேட்டது. துறையின் கையெழுத்தில் கட்டிய பாலங்கள் இடியவில்லையா என்று மறுபக்கம் கேட்டது. இந்தச் சண்டைக்கு அடியில் பேசாமல் விட்ட ஒன்றும் உண்டு, மதிப்பீடு என்பது வெறும் கணக்கு கிடையாது, கான்ட்ராக்டருக்கும் அலுவலகத்துக்கும் இடையில் பணம் ஓடும் வாய்க்கால் அது. அதைப் பொது இடத்தில் வைத்து, வெளியாட்கள் படித்து, வேலையைப் பயனாளிகள் குழுவே எடுத்துச் செய்யலாம் என்று சொன்னால் வாய்க்கால் அடைபடும். அடைபட்ட இடங்களும் இருந்தன, வேறு வழியில் ஓடிய இடங்களும் இருந்தன. பயனாளிகள் குழுவின் பெயரில் பின்னால் பழைய கான்ட்ராக்டரே வேலை எடுத்த பினாமிக் கதை அந்த நாளிலேயே வெளிப்படையாகப் பேசப்பட்டது.

ஆலோசனை மட்டும் சொல்லிக்கொண்டிருந்த வரைக்கும் நிபுணர் குழுக்காரர்களை எல்லோரும் வரவேற்றார்கள். அனுமதி கொடுக்கத் தொடங்கிய பிறகு அவர்களும் ஒரு அலுவலகம் ஆனார்கள், அலுவலகத்துக்கு வரும் எதிரிகள் அவர்களுக்கும் வந்தார்கள். அதிகாரமே கொடுக்காமல் விட்டிருந்தால் சரிபார்த்த திட்டங்கள் துறையின் மேஜையில் தூங்கியிருக்கும் என்பதும் உண்மை. இதற்கு எனக்கு விடை தெரியவில்லை.

பொருளாதாரம் எங்கே போனது

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன், இந்தப் பதிவை எழுதவே இதுதான் காரணம்.

கேரளத்தின் பிரச்சினை அன்றைக்கு என்ன? கல்வி, ஆரோக்கியம் எல்லாம் நாட்டிலேயே முன்னணியில், ஆனால் வயலும் தொழிற்சாலையும் தேங்கிக் கிடந்தன, படித்தவர்களுக்கு வேலை இல்லை, வளைகுடாப் பணம் வந்தால் வீடு கட்டினார்கள். மக்கள் திட்டத்தின் மூல வாதமே, உள்ளூர் அளவில் உற்பத்தியை எழுப்பினால் இந்தத் தேக்கம் உடையும் என்பதுதான். அதனால்தான் ஊராட்சிகளுக்குக் கொடுத்த பணத்தில் 40 சதவீதம் அளவுக்கு உற்பத்தித் துறைக்குப் போக வேண்டும், ரோடு போன்றவற்றுக்கு உச்சவரம்பு உண்டு என்று வழிகாட்டுதல் போட்டார்கள். பெண்களுக்கான திட்டங்களுக்குக் குறைந்தது 10 சதவீதம் என்ற விதியும் வந்தது.

முதல் இரண்டு ஆண்டில் கண்ணுக்குத் தெரிந்த பலன்கள் உண்மையிலேயே பெரியவை. சுமார் 98,000 வீடுகள், 2,40,000 கழிப்பறைகள், 50,000 கிணறுகள், 16,000-க்கும் மேற்பட்ட குளங்கள் தூர்வாரல், 8,000 கிலோமீட்டருக்கு நெருக்கமான சாலை. கழிப்பறை இல்லாமல் இருட்டுக்காகக் காத்திருந்த பெண்களின் கணக்கில் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று விளக்க வேண்டியதில்லை.

உற்பத்தித் துறையின் 40 சதவீதம்? செலவானது, ஆனால் பெருமளவு விநியோகமாகச் செலவானது. தென்னைக்கு உரம், வாழைக்கன்று, விதை, ஆடு, கோழி. வார்டுக்கு இத்தனை பேர் என்று பங்கு பிரித்துக் கொடுப்பது. லட்சக்கணக்கான தோட்டங்களுக்குக் கொஞ்சம் கொஞ்சம் மானியம் போய்ச் சேர்ந்தது, ஊரின் உற்பத்தி அதே இடத்தில் நின்றது. சிறுதொழில் என்ற தலைப்பில் வந்தவை இன்னும் மெலிந்தவை. பெண்கள் நிதிக்கு முதலில் தோன்றிய யோசனை பல ஊர்களில் தையல் பயிற்சி, எல்லோரும் தைத்தால் யார் வாங்கிப் போடுவது என்ற கேள்விக்குக் கோப்பில் இடமில்லை.

ஏன் இப்படி ஆனது? நிபுணர் குழுக்களின் தோல்வி என்று சிலர் சொல்வார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. நிபுணர் குழு வந்த கோப்பைத்தான் திருத்த முடியும், வராத கோப்பை எழுத முடியாது, முன்னுரிமையைத் தொடக் கூடாது என்ற அதே நல்ல விதி இங்கே கையைக் கட்டியது. கோப்பு வார்டிலிருந்து வருகிறது. வார்டில் உட்கார்ந்தவர் தன் வார்டில் தெரிகிறதைத்தான் கேட்பார்: ரோடு தெரியும், கிணறு தெரியும், கூரை ஒழுகுவது தெரியும். வேலை என்பது ஒரு வார்டுக்குள் அடங்குகிற பொருள் இல்லை. கயிறு திரிக்கிற ஊரின் பிரச்சினை அடுத்த தாலுகாவின் தேங்காய் மட்டையிலும் எங்கோ இருக்கிற ஏற்றுமதி வியாபாரியிடமும் கிடக்கிறது. பெரிய திட்டம் போட ஒன்றிய ஊராட்சியும் மாவட்ட ஊராட்சியும் இருந்தன, ஆனால் கிராம ஊராட்சிகள் முடித்த பிறகுதான் அவற்றின் முறை வந்தது, அதற்குள் அவசரம் கழுத்தைப் பிடித்தது.

நிபுணர்களின் கலவையும் ஒரு காரணம். சிவில் இன்ஜினியர் ஏராளம், வேளாண் அதிகாரி உண்டு, பேராசிரியர் உண்டு. ஒரு பொருளை வாங்கி விற்று நஷ்டப்பட்டுக் கற்றவர், கடை நடத்தியவர், ஏலத்தில் நின்றவர், அப்படிப்பட்டவர்கள் ஓய்வு பெறுவதும் இல்லை, பட்டியலில் வருவதும் இல்லை. அரசு ஊழியராக வாழ்நாள் முழுக்க இருந்தவர்கள் எழுதிய பொருளாதாரத் திட்டத்தில் சந்தை ஒரு தலைப்பாக மட்டுமே இருப்பதில் ஆச்சரியம் இல்லை. இன்றைக்கு யாராவது ஒரு ஊரில் இப்படி ஒரு ஆலோசனைக் குழு அமைப்பதாக இருந்தால் நான் முதலில் கேட்பது, அதில் வியாபாரி எத்தனை பேர் என்றுதான். (வியாபாரி வந்தால் தன் கடைக்கு ரோடு கேட்பார் என்ற பயமும் நியாயமானதே, அதற்கு விதி போட்டுக்கொள்ளலாம்.)

இதே காலத்தில் பக்கத்திலேயே வேறொன்று முளைத்தது. ஆலப்புழை நகராட்சியில் 1993 வாக்கில் பெண்களை அக்கம்பக்கக் குழுக்களாகச் சேர்த்த ஒரு முயற்சி, 1998-ல் குடும்பஸ்ரீ என்ற பெயரில் மாநிலத் திட்டமானது. அந்தக் குழுக்கள் வாரந்தோறும் கூடின, சிறுசேமிப்பு போட்டன, கடன் கொடுத்து வசூலித்தன. நிபுணர் குழுவால் கோப்பில் எழுதிச் சேர்க்க முடியாத ஒன்று அங்கே தானாக இருந்தது: போட்ட பணம் திரும்பி வருமா என்று தினமும் பார்க்கிற கண்.

2001 தேர்தலில் ஆட்சி மாறியது. ஏ.கே.ஆண்டனி அரசு வந்து இயக்கத்தைக் கேரள வளர்ச்சித் திட்டம் என்று பெயர் மாற்றியது. உள்ளாட்சிகளுக்குப் பணம் கொடுப்பதை யாரும் நிறுத்தவில்லை, அந்த அளவுக்கு வேர் பிடித்துவிட்டது. ஆனால் ஊர்வலமும் பாட்டுமாக வந்த உற்சாகம் வடிந்த பிறகு வாரத்தில் ஒரு நாள் சும்மா வருகிறவர்களும் குறைந்தார்கள், சரிபார்ப்பு மெல்ல மெல்ல அதிகாரிகளின் மேஜைக்கே திரும்பியது. நாலாயிரம் பேரின் தன்னார்வத்தை நம்பி ஒரு மாநிலத்தின் திட்டப் பணத்தை ஓட்டலாம், இரண்டு மூன்று வருடம் வரைக்கும்.

கடைசியாக ஒரு ஊர். ஆலப்புழை மாவட்டம் சேர்த்தலைக்குப் பக்கத்தில் கஞ்சிக்குழி. கடலோர மணல், கையில் அள்ளினால் விரல் வழியே ஒழுகும், தண்ணீர் ஊற்றினால் நிற்காது. வேளாண் புத்தகம் படித்தவர் யாரும் இங்கே காய்கறிக்கு எஸ்டிமேட் போட மாட்டார். அந்த ஊராட்சி 90-களின் நடுவில் வீட்டுக்கு வீடு காய்கறி என்று கிளம்பியது, மக்கள் திட்டப் பணம் வந்ததும் அதையும் இதே வேலைக்குள் போட்டது. விதையும் உரமும் கொடுத்ததோடு நிற்கவில்லை, விளைந்ததை வாங்கி விற்கவும் ஏற்பாடு செய்தது, ரோட்டோரத்தில் காய்கறிக் கடைகள் வந்தன. அந்த மணலில் ஒரு உள்ளூர் விவசாயி தேர்ந்தெடுத்து வளர்த்த நீளமான பயற்றங்காய் ரகம் ஒன்று ஊர் பெயரிலேயே கஞ்சிக்குழிப் பயறு என்று வெளியூர்களுக்கும் விதையாகப் போகிறது.